கருவாடு தின்றவனின் தாகம்

என் உயிரே, மாப்ளே சேகரு,

நேற்று உன் கருமாதி முடிந்தது. ஹாங்காங்கிலிருந்து உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தவன் நான்தான். ஆனால் இன்னும் அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அரிமளம் போய் முடிகூட வெட்டிக்கொண்டு வந்தேன். மரத்துப்போச்சுடா. உனக்கு அங்கே எப்படி இருக்கிறது?

முந்தாநாள் சாயங்காலம் உனக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்தோம். உன் ஆத்தா கருவாட்டுக் குழம்பு வைத்தது. அப்போது உன் தாய்மாமன், "வெளிநாடு வேணாம் வேணாம்னு சொன்னேன். தானாப் போனான், அனுபவிச்சான்" என்றார். ஆத்தா முகம் செத்துப்போனது.

அங்கே நம் ஓட்டலின் பெரிய சமையல்காரர் சீன மொழியில் சொல்வாரே, "சிக் தக் ஹாம் யூ, தை தக் ஹோட்" என்று. கருவாடு தின்றால் தாகத்தையும் தாங்கணும். "கருவாடு விக்கிற நம்ம கோட்டைப்பட்டினத்துக்காரன் எவனோ வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கான்டா" என்று முதல் நாள் நீ சிரித்தாய். பிறகு அடுப்புச் சூடு தாங்காதபோதெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டே நின்றாய். எனக்குக் கை வெந்த அன்று மட்டும் நீ அதைச் சொல்லவில்லை, ஓடிப்போய் ஐஸ் எடுத்துவந்தாய். மாமன் சொன்னதும் அதே அர்த்தம்தானே? பிறகேன் அவரை அறையத் தோன்றியது? அது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல், மாப்ளே. அடுத்தவனைப் பார்த்துச் சொன்னால் கல்லெறிகிற மாதிரி இருக்கிறது.

மாமன் நகர்ந்ததும் ஆத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"எம்புள்ள அங்கிட்டு ரொம்பச் சிரமப்பட்டானாப்பா? போனுல நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னுதானே சொன்னான். நாந்தானே போயிட்டு வாடான்னு அனுப்புனேன். என்னைய வஞ்சானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சிரமந்தான் ஆத்தா. ஆனா ஒங்கள ஒருநாளும் வஞ்சதில்ல" என்றேன். நீ முணுமுணுக்கும் அந்தச் சொல்லையும், அதன் அர்த்தத்தையும் சொன்னேன்.

ஆத்தா எழுந்துபோய் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து உன் இலைக்குப் பக்கத்தில் வைத்தது.

"குடிக்கட்டும். இனிமேலு எதுக்குத் தாங்கணும்?"

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து வெளியே போய் நின்றேன், அவ்வளவுதான்.

லீவு முடிகிறது, அடுத்த வாரம் கிளம்புகிறேன். ஞாயிறுதோறும் ஆத்தாவுக்குப் போன் செய்வேன். நல்லாருக்கியாப்பா என்று கேட்டால், சிரமமான நாளில் சிரமம் என்றே சொல்வேன். சத்தியம்டா.

உன் கூட்டாளி,
ஆத்தாவுக்கு மிச்சமிருக்கிற இன்னொரு மகன்,
முருகேசன்