உடைந்த பிஸ்கட்டும் மற்ற குற்றவாளிகளும்

ஜூன் 3, செவ்வாய்
வக்கீலின் பள்ளிப் பாவாடை இடுப்பை மூன்றாவது முறையாகப் பிரித்துத் தைத்தேன். உள்ளே மடித்து விட்டிருந்த துணி தீர்ந்துவிட்டது. இனிப் பிரிக்க இடமில்லை. துணிக்கடையில் நாள் முழுக்க யார் யார் இடுப்பையோ சரிசெய்கிறேன். எட்டு வயது மகளின் இடுப்பு கைக்கு அடங்கவில்லை. (எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வீட்டில் அவள் வக்கீல்.) இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள்.

ஜூன் 4, புதன்
மருத்துவரிடம் போனோம். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். "வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்."

"எந்த வீட்டுச் சாப்பாடும்மா? நம்ம வீடா, பக்கத்து வீடா?" என்றாள் வக்கீல்.

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஒரே காரணம்னு இருக்காதும்மா. சாப்பாடு, தூக்கம், ஓடி ஆடுறது எல்லாம் சேர்ந்துதான். பிள்ளையைத் திட்டாதீங்க. வீட்டைக் கவனிச்சு எழுதிட்டு வாங்க."

திரும்பும்போது அவள் கேட்டாள்: "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

ஜூன் 5, வியாழன்
விசாரணை ஆரம்பம். முதல் ஆள் என் கணவர். பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. உடைந்தவற்றை வாரம் ஒரு பை நிறையக் கொண்டுவருகிறார்.

"அது உடைஞ்சதுதானே. முழுசா சாப்பிட்டாத்தான் உடம்பு போடும்."

உடையும்போது சர்க்கரை வழிந்து போய்விடுமோ?

ஜூன் 7, சனி
இரண்டாவது ஆள் என் தம்பி. எங்களோடுதான் இருக்கிறான். தெருமுனைக் கடை எண்ணி நாற்பது காலடி. அதற்கு மருமகளை வண்டியில் ஏற்றிப் போகிறான். திரும்பும்போது அவள் கையில் கலர் பாட்டில்.

"வெயில்ல நடந்தா பிள்ளை வாடிடும்லக்கா."

மழை பெய்துகொண்டிருந்தது.

ஜூன் 9, திங்கள்
பக்கத்து வீட்டு அக்கா. நான் வேலை முடிந்து வரும்வரை வக்கீல் அங்கேதான். டி.வி. முன்னால் உட்காரவைத்து ஊட்டுகிறார். "தொடர் ஓடுறவரைக்கும் பிள்ளை வாயைத் திறந்தே வச்சிருக்கா. நான் என்ன பண்றது?"

பள்ளியில் விளையாட்டு வகுப்பைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறாராம். கணவருக்கு ஷிப்ட் முடிவது பத்து மணிக்கு. அதுவரை அப்பாவுக்காக முழித்திருக்கிறாள். காலையில் எழுப்ப நான் படும் பாடு. இதையும் எழுதவேண்டும். தூக்கம்.

ஜூன் 10, செவ்வாய்
எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினேன். எல்லோரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். தம்பி என் தலையில் அடித்தான்.

ஜூன் 12, வியாழன்
கணவர் பிஸ்கட்டை விடவில்லை, இடத்தை மாற்றியிருக்கிறார். ஒளித்துவைத்தது துணி துவைக்கும் மெஷினுக்குள். நல்ல பிள்ளையாக நடக்க நினைத்த தம்பி, உள்ளே பார்க்காமல் துணியைப் போட்டு மெஷினை ஓட்டிவிட்டான். கணவரின் வெள்ளைச் சட்டைகள் மாவில் தோய்த்து எடுத்த மாதிரி வந்தன. இரண்டு பேரும் பால்கனியில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். எறும்புகளுக்கு மட்டும் தகவல் எப்படிப் போனதோ.

வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து.

ஜூன் 14, சனி
இந்த நோட்டைத் திறந்தால் பென்சிலில் அவள் கையெழுத்து:

"அம்மா பேரு விட்டுப்போச்சு. கீழ போய் விளையாடக் கூடாதுன்னு சொன்னது யாரு. அழுதா ஃபோனும் சாக்லேட்டும் குடுக்குறது யாரு."

என்ன எழுதுவது? போன வருஷம் கீழே முற்றத்துச் சுவரில் ஏறி விழுந்து அவளுக்குப் பல் உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். அன்றைக்குப் பூட்டிய கதவு. விழாமல் இருந்தால் போதும் என்றுதானே நினைத்தேன் — உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும் என்று ஏன்டி அம்மாக்காரி உனக்குத் தோணலை? மத்தவங்களை எல்லாம் நிக்கவச்சுக் கேட்டியே.

பட்டியலில் என் பெயரையும் எழுதினேன். முதலில்.

ஜூன் 15, ஞாயிறு
கீழே அனுப்பினேன். கூடவே நானும் போனேன்: பஞ்சு, மருந்து, கட்டுத்துணி, குடை. பிள்ளைகள் ஆம்புலன்ஸைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் ஓடினாள். முட்டியில் சின்னச் சிராய்ப்பு. எனக்குத்தான் தலை சுற்றியது. அவள்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஜூன் 28, சனி
எடை குறையவில்லை. "ஏறலையே, அதுவே நல்ல செய்தி. அவசரப்படாதீங்க," என்றார் மருத்துவர். கணவர் காலை ஷிப்டாக மாற்றி வாங்கிவிட்டார். ஒன்பதுக்கெல்லாம் விளக்கு அணைகிறது. தம்பி கடைக்கு நடக்கிறான். அவனுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

ஜூலை 19, சனி
சாயங்காலம் கீழே தொட்டுப் பிடிக்கும் ஆட்டம். ஆள் குறைகிறது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டே நிமிஷம். பின்னாலிருந்து வந்து முதுகில் ஒரு அடி வைத்தாள் வக்கீல்.

"அம்மா, நீ அவுட். மேல போ. வழியில நிக்காத."

வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை.

இரண்டு தடவைதான் பார்த்தேன்.