தம்பியின் காருக்கு எந்த நிற வீல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் இப்போது எப்படி இருக்கின்றன? நான் நலம். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பதறாதீர்கள், இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

தம்பியின் காருக்கு எந்த நிற அலாய் வீல் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். போன வாரம் கடைக்கு வந்த ஒருவர் வெள்ளி நிறத்தில் பெரிய வீல் கேட்டார். மாட்டினேன். காரை முழுக்க இறக்கிய பிறகு, டயர் மட்கார்டில் உரசுமா என்று நடுவே விரலை விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். முதலாளிக்கு அவசரம். "கைய விட்டுப் பாருடா" என்று சொல்லிக்கொண்டே ஜாக்கியைத் தளர்த்திவிட்டார்.

நான் போட்ட சத்தத்தில் மறுபடி தூக்கினார். "இந்த சைஸ் கொஞ்சம் இடிக்குது சார்" என்றார் வந்தவரிடம். அந்த ஆள் குனிந்து வீலைப் பார்த்தார்.

"வெள்ளியில கறை பளிச்சுன்னு தெரியுதே. கருப்புல சின்ன சைஸ் காட்டுங்க."

எடுத்துவர என்னைத்தான் அனுப்பினார் முதலாளி. "இன்னொரு கை சும்மாதானே இருக்கு?"

பிறகு ஆஸ்பத்திரியில் நன்றாகத் தைத்துவிட்டார்கள். மூன்று விரல் பத்திரமாக இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் தலைவழியாகப் போடும் சட்டை இரண்டு கொடுத்தனுப்புங்கள். பொத்தான் போட்டுவிடச் சொல்ல அறையில் யாரும் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. தம்பியைக் கருப்பே எடுக்கச் சொல்லுங்கள். அன்று எடுத்துவந்ததை நானே துடைத்துப் பார்த்தேன், கறை எதுவும் தெரியவில்லை.

உங்கள் மூத்தவன்