என் பக்கத்தை மடித்தேன்

மார்ச் 9, ஞாயிறு.

நாளை என் மனைவி சாந்திக்கு முதல் வருஷத் திதி. அவள் வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்றுதான் உண்டு, மெர்சிங் படகுத்துறையில் நாங்கள் இருவரும் நிற்பது. மகள் அதைக் கேன்வாஸில் அச்சடித்துச் சுருட்டி அனுப்பியிருந்தாள். உலு திராம் ஊர்க் கடையில் சட்டம் போடக் கேட்ட விலைக்கு, "சட்டத்துக்குள்ள நானே ஏறி நிப்பேன்லா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலையிடத்தில் தூக்கிப் போட்ட, சரக்கு அடுக்கும் பேலட் பலகையை அறுத்து நானே சட்டம் அடித்தேன்.

படத்தை விரித்ததும், திதிக்கு வந்திருந்த என் அக்கா கத்தினாள். "அலமாக்! உயிரோட இருக்கிற நீயும் இதுல நிக்கிறியேடா. எப்படி மாலை போடுறது?"

"போடுக்கா. நாளைக்கு நான் போனா எனக்குத் தனியா வாங்க வேணாம்ல."

"வாயைக் கழுவு. உன் பக்கத்தை வெட்டி எடு."

"வெட்டினா இழுத்துப் பிடிக்கத் துணி இருக்காது" என்றேன். உண்மையில் மனசு வரவில்லை.

சட்டத்தைச் சின்னதாக்கினேன். என் பக்கத்துத் துணியை ஓரத்தில் மடித்து, பின்னால் இழுத்து ஸ்டேப்பிள் அடித்தேன். ஒன்று படத்தில் என் கன்னத்திலேயே இறங்கியது. "வலிக்குதாடா?" என்று அக்கா சிரித்தாள்.

படத்தை மாட்டியாகிவிட்டது. அன்று நான் ஏதோ கிண்டல் பண்ணத்தான் அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இப்போது யாரும் இல்லாத பக்கம் பார்த்துச் சிரிக்கிறாள். நான் பின்னால் இருக்கிறேன், முகம் சுவரைப் பார்த்தபடி.

என்ன சொல்லிச் சிரிக்க வைத்தேன் என்று இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன். ஞாபகம் வரவில்லை.