செவலையைக் கொடுத்து வாங்கிய சாம்பல் குதிரை

இந்தச் சீட்டு உங்களுக்குத்தான். சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். லாயத்துச் சாவி கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

குட்டியிலிருந்து நான் வளர்த்த செவலைக் குதிரையை, நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, குதிரை விற்பவர்களிடம் கொடுத்துவிட்டு இந்தச் சாம்பல் குதிரையை வாங்கி வந்திருக்கிறீர்கள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். "உன்கிட்ட கேட்டா காரியம் நடக்குமா?" என்றீர்கள். நல்ல காரியம்தான் நடந்திருக்கிறது. இதற்கு இடது கண் தெரியவில்லை. காலையில் அது வாளியில் இடித்துக்கொண்டபோதுதான் கண்டுபிடித்தேன். கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுந்திருக்கிறீர்கள்.

மாட்டு டாக்டர் சாயங்காலம் வருவார். அவரிடமாவது இதை வாங்கிய கதையை மறைக்காமல் சொல்லுங்கள். குதிரைப் பக்கம் போகும்போது பேசிக்கொண்டே போங்கள். சட்டென்று தொட்டால் மிரளும். ஆத்திரத்தை அதன்மேல் காட்டாதீர்கள். உங்களை ஏமாற்றியது அந்த வாயில்லா ஜீவன் இல்லை.

நான் செவலையைத் தேடிப் போகிறேன். கிடைத்தால் இரண்டு பேரும் திரும்பி வருவோம்.

பி.கு.: செவலையை அவர்கள் வேறு யாருக்காவது விற்றிருந்தால் அக்கா வீட்டில் இருப்பேன். சமாதானம் பேச உங்கள் அண்ணனை அனுப்பாதீர்கள். வருவதானால் செவலையைப் பிடித்துக்கொண்டு நீங்களே வாருங்கள்.