புகழவும் கூடாது என்று கையெழுத்திடுங்கள்

கொடைக்கானல்
16-7-1963

அன்புத் தோழி சுந்தராம்பாளுக்கு ஜஹனாராவின் வணக்கம்.

இந்த அகால வேளையில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். சின்னவனுக்கு இருமல், இப்போதுதான் கண் அயர்ந்தான். மதுரையில் நீ வக்கீல் அங்கி போட்டு நாலு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு வழக்கும் கொண்டுவராத சிநேகிதி நான்தான். இதோ, கொண்டுவருகிறேன்.

இவர் மைக் செட் கடை வைத்திருப்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இவர் குரல்தான். பூண்டு விலை, பஸ் நேரம், காணாமல் போன குழந்தை, நடுவே ஐந்து நிமிடம் நான் எழுதித் தரும் ஊர்ச் செய்தி. போன மாதம் பூண்டியிலிருந்து, சந்தையில் பூண்டு விற்கும் வேலுத்தாயை டோலி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். பாதி வழியில், கொட்டுகிற மழையில் பிரசவம். குழந்தை தங்கவில்லை. போட்டு முடித்ததாகச் சொல்லும் சாலை அங்கே இல்லவே இல்லை என்று எழுதினேன். இவர் படித்தார். சந்தையே அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் மைக் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி கடைக்கு வந்துவிட்டார். எல்லையில் இப்போதுதான் சண்டை ஓய்ந்திருக்கிறது, இந்த நேரத்தில் இதையெல்லாம் மைக்கில் சொல்லலாமா என்றாராம். "பூண்டி ரோடு எந்த எல்லையில கெடக்குங்க சார்?" என்று இவர் கேட்டுவிட்டார். இவர் வாய் அப்படி.

அடுத்த ஞாயிறு, எங்கள் மைக்கையே வாடகைக்கு எடுத்து, அந்தச் சாலையைப் போட்டதாகச் சொல்லும் கண்டிராக்டர் அதன் அருமையை முக்கால் மணி நேரம் பேசினார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு மட்டும் ஒரு தாள் வந்தது. அரசாங்க வேலையைக் குறை கூறி எதையும் ஒலிபரப்ப மாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு லைசென்ஸ் போயிற்று.

நான் பயந்தேன், மறைக்கவில்லை. எங்களுக்கு வேறு பிழைப்பு ஏது? போட்டுத் தொலையுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்கென்று வேலுத்தாய் பூண்டு மூட்டையோடு கடை வாசலில் வந்து நின்றாள். "நான் சொல்லித்தானே சொன்னீங்க. இப்ப அது பொய்யின்னு நீங்களே எழுதிக் குடுக்கப் போறீங்களாக்கும்?" என்றாள். பிறகு என் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, சுந்தரா.

தாளை வாங்கி அடியில் நானே எழுதினேன்: 'இந்த ஒலிபெருக்கியில் யாரும் அரசாங்கத்தைப் புகழவும் கூடாது என்று நீங்களும் கையெழுத்திடுங்கள், பிறகு நாங்கள் போடுகிறோம்.' போடமாட்டார் என்று தெரிந்துதான் எழுதினேன். படிச்ச பொம்பளையக் கட்டினா இதுதான் கதி என்று அதிகாரி இவரிடம் சொன்னாராம். "அதுக்குத்தாங்க சார் கட்டினேன்" என்றாராம் இவர்.

சத்தத்துக்கு அளவு வைக்கட்டும். பத்து மணிக்கு மேல் கூடாது என்று சொல்லட்டும். எல்லோருக்கும் பொதுவென்றால் கட்டுப்படுகிறோம். என்ன சொல்கிறோம் என்று பார்த்து ஒருவர் வாயைத் திறந்துவிட்டு இன்னொருவர் வாயை அடைப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

வருகிற ஞாயிறு அதே பூண்டிச் செய்தியை மறுபடி படிக்கிறோம். இந்தத் தடவை மைக் முன்னால் நான் நிற்பேன். வழக்கை நீ எடுத்துக்கொள்வாயா? கடைக்கு எழுதாதே, வீட்டு முகவரிக்கே எழுது. என்னைப் பிடித்துக்கொண்டு போனால் பெரியவளை என் தங்கை பார்த்துக்கொள்வாள். சின்னவன் இன்னும் பால் மறக்கவில்லை.

ஞாயிறுக்கு முன் பதில் போடு.

உன்
ஜஹனாரா