பன்னிரண்டு மாதத்துக்கு இயற்கை

20 ஆகஸ்ட் 2007, திங்கள்
வெயில். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. பிரஸ்ஸுக்குச் சென்னைக் காலண்டர் ஆர்டர்: மாதத்துக்கு ஒரு மொழியில் 'இயற்கை', கீழே அதன் பொருள். பிழை பார்ப்பது என் தலையில். லத்தீனில் பிறப்பு. சீனத்தில் தானாக அப்படி இருப்பது. அரபிக்கு, ஓதத் தெரிந்த என் அத்தாவைக் கேட்டேன்.

"தபீஅத்துன்னு சொல்லுவாகலே. முத்திரை குத்துனாப்புல பதிஞ்ச குணம். அரபியில அச்சாபீசுக்கும் அதே வேருதான்."

பெருமையாக இருந்தது.

பைண்டிங் முத்துலட்சுமி மூன்று நாளாக வரவில்லை. எம்.புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறை வெடித்து, வீட்டுக்காரர் செல்வத்துக்கு உடம்பெல்லாம் தீக்காயம். மதுரை ஆஸ்பத்திரி.

22, புதன்
மேகம். மழை இல்லை. வாங்க: சிவப்புப் பேனா, அம்மா மாத்திரை.

மாற்றுத்துணி எடுக்க வந்த மு.ல. பிரஸ்ஸில் எட்டிப் பார்த்தாள். "இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்திருக்கேண்ணே. காலைல அவுக கண்ணு முழிச்சாக."

காலண்டரின் ஜனவரித் தாளைக் காட்டினேன். அருவிப் படம். நான் ஒரு மடையன்.

24, வெள்ளி
செல்வம் நேற்று இறந்துவிட்டார்.

காலையிலேயே ஆலை ஃபோர்மேன் இரங்கல் போஸ்டர் ஆர்டரோடு வந்தார். எழுதித் தந்தது: 'இயற்கை எய்தினார்'.

"வெடிச்சுல்ல செத்தாரு?"

"எல்லாருக்கும் போடுறதுதான சார். எதுக்கு வம்பு?"

அவர் போனதும் 'பட்டாசு விபத்தில் உயிரிழந்தார்' என்று மாற்றினேன். யார் ஆர்டர் தந்தாலும் இழவு போஸ்டரின் புரூஃபில் வீட்டார் கையெழுத்து வேண்டும், அது எங்கள் பிரஸ் வழக்கம். மு.ல. போட்டுவிட்டால் ஃபோர்மேன் ஒன்றும் செய்ய முடியாது.

புரூஃபையும் ஃபோர்மேன் எழுதித் தந்த தாளையும் நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மு.ல. எழுத்துக்கூட்டி வாசித்தாள். அழவில்லை.

"உள்ளதைத்தான் போட்டிருக்கீகண்ணே. ஆனா மூத்த மக அந்தக் கம்பெனியிலதான் திரி சுத்துறா. சின்னதுக ரெண்டு இருக்கு. கம்பெனில சொன்னதையே போட்டுருங்க."

என் சிவப்புப் பேனாவை வாங்கி அந்த வரியை அவளே அடித்தாள். மேலே 'இயற்கை எய்தினார்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

25, சனி
புழுக்கம். பேப்பர் லோடு வரவில்லை. காலண்டரில் தமிழ் டிசம்பருக்கு. பொருள்: 'யாரும் செய்யாமல் தானே நடப்பது'. மெஷின்காரர் கத்தினார், "சார், ரெண்டுக்கும் ஓகே குடுங்க, பிளேட்டு காத்துக்கிட்டு இருக்கு."

காலண்டர், போஸ்டர். இரண்டிலும் 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.