நக்கோ சொன்னால் விடணும்

ஆகஸ்ட் 1983, ஞாயிறு

கல்யாணமான புதிதில் நாங்களே பேசி வைத்துக்கொண்டது. விளையாட்டாக என் கைகளைத் துண்டால் கட்டுவார். எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் மாதிரி நான் "நக்கோ" என்றால், வேண்டாமென்று அர்த்தம், உடனே அவிழ்த்துவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் தவறியதே இல்லை.

இன்று செகந்திராபாத்தில் மேட்னி போனோம். கதாநாயகி "விடு, விடு" என்று அழுதாள். ஹீரோ விடவில்லை. அடுத்த காட்சியிலேயே அவனோடு டூயட் பாடினாள். தியேட்டரே விசிலடித்தது. இவரும்தான்.

வீட்டுக்கு வந்ததும் கட்டினார். வலித்தது. "நக்கோ" என்றேன். சிரித்தார். மறுபடியும் சொன்னேன்.

"அவளும் முதல்ல இப்படித்தானேடி சொன்னா" என்றார்.

அவருக்குத் தோன்றியபோதுதான் அவிழ்த்தார். மணிக்கட்டு இன்னும் எரிகிறது. நிறுத்தச் சொல்ல என்னிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்.